சிறிய குசினியில் எதற்கு எந்த இடம்?

டுரியான் துங்கால் வட்டாரத்தில் லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களும் உண்டு. தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் சிறிய வீட்டுக்கு மாறியவர்களும் உண்டு. வீடு மாறினாலும் குசினி மட்டும் பெரிதாகவில்லை என்பார்கள். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசற்படியில்தான் நிற்கவேண்டும். இன்னும் ஓர் அலமாரி வாங்கி மாட்டினால் குறை தீரும் என்று நாம் நினைக்கிறோம். மாட்டிய மறுமாதமே அதுவும் நிரம்பிவிடுகிறது. ஆகவே, எதை எங்கே வைப்பது என்று கேட்பதற்கு முன், எது குசினிக்குள் இருக்கவே கூடாது என்று பார்ப்போம்.

நம் அலமாரிகளின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். மிஞ்சிய களைக்கொல்லி ஒரு பழைய சோடா போத்தலில் இருக்கலாம். கித்தாப் பாலை உறைய வைக்கும் ஆசிட் இன்னொரு போத்தலில் இருக்கலாம். அந்த ஆசிட் பார்ப்பதற்குத் தண்ணீரைப் போலவே இருக்கும். ஒரு வாய் விழுங்கினாலும் தொண்டையும் வயிறும் வெந்துபோகும். களைக்கொல்லிகளில் மிகக் கொடியதான பராகுவாட்டுக்கு மாற்றுமருந்தே கிடையாது. நம் நாட்டில் அது 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆனால் தடைக்கு முன் வாங்கிய போத்தல் மூலையில் கிடந்தால், அது தானாகக் காலியாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தோட்டத்தில் நாம் இந்த நஞ்சை 'மருந்து' என்றே அழைக்கிறோம். காய்ச்சலுக்கு அம்மா கொடுப்பதும் மருந்து, அப்பா புல்லுக்கு அடிப்பதும் மருந்து என்றால் நான்கு வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? வீட்டிலாவது 'விஷம்' என்றே சொல்லிப் பழகுவோம்.

தோட்டத்து மருந்தை வேலை முடிந்த அன்றே ஸ்டோரில் ஒப்படைத்துவிடுவோம். சொந்தத் துண்டு நிலத்துக்கு வாங்கியதானால், வந்த போத்தலிலேயே, லேபிளோடு, வீட்டுக்கு வெளியே பூட்டுப் போட்ட பெட்டியில் உயரமாக வைப்போம். தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

இப்போது ஒரு தட்டு காலியாகிவிட்டது. கனமான குவாலி, குக்கர் எல்லாம் அங்கே போகட்டும். அரிசி டின்னைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, பழைய அரிசி தீர்ந்தபின் புதியதைக் கொட்டினால் வண்டு குறையும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் கிடந்தால் கிழங்கு சீக்கிரம் கெடும். வெங்காயத்தை வலைப்பையில் கட்டித் தொங்கவிடலாம். தட்டில் இடமும் மிச்சம். மிளகாய்த்தூளும் நெத்திலியும் அடுப்பின் ஆவி படாத பக்கம் இருக்கவேண்டும். கேஸ் தோம்பை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். கசியும் கேஸ் கீழேதான் தங்கும்.

அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டில் பிஸ்கட் டின் வைப்பது பல வீடுகளில் வழக்கம். பிள்ளைக்கு எட்டக்கூடாது என்றுதான் வைக்கிறோம். பிள்ளையோ நாற்காலி போட்டு ஏறுகிறது. கீழே கொதிக்கும் குழம்பு. பிள்ளை கேட்கும் பொருள் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதே நல்லது. அடுப்புக்கு மேலே வடிகட்டியும் கரண்டியும் தொங்கினால் போதும்.

எறும்பு ஏறாதபடி அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிறோம் அல்லவா? டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கிண்ணம் தொட்டில் மாதிரி. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். வாரத்தில் ஒரு நாள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தின் பக்கங்களைத் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டை பக்கங்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

கடைசியாகத் தண்ணீர் டிரம். 1991-இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றி, மலாக்கா முழுவதும் பங்கீட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தது. அன்று குசினிக்குள் வந்த டிரம் சில வீடுகளில் இன்னும் வெளியே போகவில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான். டிரம்மை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பின்வாசலில், இறுக்கமான மூடி போட்டு வையுங்கள். அது நகர்ந்த இடத்தில் ஒரு சிறிய மேசை போடலாம்.