அவையின் வரலாற்றை யார் எழுதுவது?



சட்டமன்ற வரலாறு எழுதுவது பற்றிய கருத்தரங்கைப் பேரவை கூடும் கோட்டைக்கு அருகில் வைக்காமல் பட்டாபிராமில் கூட்டியிருக்கிறீர்கள். பொருத்தமான இடம். இந்த ஊர் இன்று ஆவடி தொகுதியில் இருக்கிறது. 2008 மறுவரையறையில் உருவான அத்தொகுதி 2011-இல்தான் முதல் தேர்தலைக் கண்டது. அதற்கு முன்பும் இவ்வூரார் வாக்களித்தார்கள். அவர்கள் சார்பில் ஒருவர் அவையில் எழுந்து பேசினார். அவர் என்ன கேட்டார், என்ன பதில் பெற்றார் என்று இங்குள்ள மாணவர் ஒருவர் கேட்டால், அவைக்குறிப்புத் தொகுதிகள் இருக்கும் திசையைத்தான் காட்ட முடியும். அவற்றைப் படித்து, தொகுத்து, எடைபோட்டுச் சொல்லும் முழு வரலாறு அவர் கைக்கு வரவேண்டும் என்பதே என் விருப்பம்.

அதை எழுதப் புகுந்தால் முதல் பக்கத்திலேயே சிக்கல். 2012-இல் பேரவைக்கு வைர விழா எடுத்தோம். குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வந்தார். அது 1952-இல் தொடங்கும் கணக்கு. 2021 ஆகஸ்ட் 2-இல் நூற்றாண்டு விழா எடுத்தோம். குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வந்து மு. கருணாநிதியின் உருவப்படத்தைத் திறந்துவைத்தார். இது 1921-இல் தொடங்கும் கணக்கு. அ.தி.மு.க. அந்த விழாவைப் புறக்கணித்தது. கட்சிச் சண்டை என்று நாம் இதை ஒதுக்கக் கூடாது. 1952-க்கு நியாயம் உண்டு: வயது வந்த எல்லாரும் வாக்களித்த முதல் பேரவை அது. 1921-க்கும் நியாயம் உண்டு: தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிலிருந்து வந்த அமைச்சர்கள் அவைக்குப் பதில் சொன்னது அப்போதுதான். 215 பேர் கொண்ட பேரவையும் மேலவையுமாக இரு அவைகள் வந்த 1937-ஐச் சொல்வோரும் உண்டு. 1861-க்குப் போவோரும் உண்டு. ஆட்சி மாறும்போதெல்லாம் அவையின் வயது மாறுவதை வரலாற்றாசிரியர் ஏற்க வேண்டியதில்லை. நான்கையும் வைத்து, எதில் என்ன புதிதாக வந்தது என்று அவர் விளக்கட்டும்.

என்னைக் கேட்டால், 1920-களை விட்டுவிட்டு இந்த வரலாற்றைத் தொடங்கவே முடியாது. அது சொத்தும் வரியும் பார்த்துத் தந்த வாக்குரிமையில் அமைந்த அவைதான். ஆயினும் 1921-லேயே பெண்களுக்கு வாக்குரிமை தரத் தீர்மானித்தது. பொதுச் சாலையும் கிணறும் குளமும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்று 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது அங்கேதான். முத்துலட்சுமி ரெட்டி துணைத் தலைவராக அமர்ந்ததும், தேவதாசி முறைக்கு எதிராக வாதாடியதும் அங்கேதான். தீர்மானத்தின் வாசகத்தை மட்டும் அச்சிட்டால் போதாது. யார் எதிர்த்தார், யார் வாய் திறக்கவில்லை, அரசாணை வந்தபின் ஊர்க் கிணற்றடியில் என்ன நடந்தது என்பதுவரை போகவேண்டும்.

சரி, யார் எழுதுவது? பிரிட்டனில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற உறுப்பினர் 1920-களின் இறுதியில் நாடாளுமன்ற வரலாற்றுக்காகக் குரல் எழுப்பினார். 1936-லும் 1938-லும் முதல் தொகுதிகள் வந்தன. 1951-இல் லூயிஸ் நேமியர் போன்ற தொழில்முறை ஆய்வாளர்கள் கைக்கு மாறிய பிறகுதான் அந்தப் பணி உறுதிப்பட்டது. பொதுப்பணத்தில் நடக்கிறது, ஆனால் எதை எழுதுவது என்று முடிவு செய்வது வரலாற்றாசிரியர்களின் பதிப்புக் குழு. நமக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். பேரவைத் தலைவர் பணியை ஒப்படைக்கட்டும், பேரவைச் செயலகம் ஆவணங்களைத் திறக்கட்டும், அதன்பின் கையெழுத்துப்படியைத் திருத்தும் உரிமை எந்தக் கட்சிக்கும் இருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 1987-இல், அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குப் பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. கண்டனம் எழுந்ததால் சில நாளில் விடுதலையானார். 1988 ஜனவரி 28-இல், ஜானகி ராமச்சந்திரன் நம்பிக்கை வாக்குக் கோரிய நாளில், அவைக்குள் போலீஸ் நுழைந்தது. 1989 மார்ச் 25-இல் அவைக்குள் நடந்த மோதலைப் பற்றி தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் இருவேறு கதை சொல்கின்றன. அவையே தன் கைப்பட எழுதினால் இந்தப் பக்கங்கள் மெலிந்துபோகும் என்பது என் அச்சம். அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டவையும் நடந்தவைதான். மறுநாள் நாளிதழ்களையும் உறுப்பினர்களின் நினைவுக் குறிப்புகளையும் அவைக்குறிப்போடு ஒப்புநோக்கும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும்.

மொழிப் பயிற்சியும் வேண்டும். 1952 பேரவையின் 375 உறுப்பினர்களில் ஆந்திரப் பகுதியினரும், மலபாரிலிருந்தும் தென் கன்னடத்திலிருந்தும் வந்தவர்களும் இருந்தார்கள். 1920-களில் முதல் அமைச்சராக இருந்த பனகல் அரசரின் அவை நமக்கு மட்டும் முன்னோடி அல்ல. ஐதராபாத்திலும் திருவனந்தபுரத்திலும் உள்ள ஆய்வாளர்களையும் பதிப்புக் குழுவில் சேர்க்கவேண்டும்.

நூல் வந்தபின் அது பரிசுப் பிரதியாக அமைச்சர் அறை அலமாரிக்குப் போய்விடக் கூடாது. தமிழில், கல்லூரி மாணவர் வாங்கக்கூடிய விலையில், மாவட்ட நூலகம்தோறும் கிடைக்கவேண்டும்.

தொகுதிகள் வரப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆனால் ஒரு வேலை காத்திருக்காது. 1986 நவம்பர் 1-இல் மேலவை கலைக்கப்பட்டபோது அதில் 63 இடங்கள் இருந்தன. முப்பது வயது நிரம்பாதவர் மேலவைக்குள் வரமுடியாது. எனவே அதன் உறுப்பினர்களாக இருந்து இன்று நம்மோடு இருப்பவர்களில் மிக இளையவரே எழுபதை ஒட்டியிருப்பார். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீடுகளுக்குப் போவதற்கு அரசாணை தேவையில்லை. இந்த அரங்கிலிருக்கும் முதுகலை மாணவர்கள் பத்துப் பேர் முன்வந்தால் போதும். பெயர் தருவோரை இன்று மதியமே சந்திக்க விரும்புகிறேன்.