மருந்து வந்த வழியைக் கேளுங்கள்



தடுப்பூசி போட்ட மாட்டுக்கே கோமாரி வந்துவிட்டால், "ஊசியிலே ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிடுகிறோம். சில சமயம் குற்றம் ஊசியில் இல்லை. அது வந்த வழியில் இருக்கும்.

கோமாரித் தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். சூடு பட்டால் வீரியம் போகும், உறைந்தாலும் வீண்தான். கெட்ட மருந்து பார்வைக்கு நல்லதுபோலவே இருப்பதும் உண்டு. கம்பெனி, லாரி, கிடங்கு, கால்நடை மருந்தகம் என்று எத்தனையோ கை மாறித்தான் நம்ம கொட்டகைக்கு வருகிறது.

சில வருஷத்துக்கு முன்னே ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். மருந்துப் பெட்டியில் ஐஸ் கரைஞ்சு தண்ணியா நின்றது. எவ்வளவு நேரமா இப்படி என்று கேட்டால் யாருக்கும் தெரியலை. டாக்டர் மருந்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். வேலையை விட்டு மாடு ஓட்டி வந்தவங்க வெறுங்கையா திரும்பினாங்க. அந்த மருந்து நல்லதாகவேகூட இருந்திருக்கலாம். சொல்லத்தான் சாட்சி இல்லை.

அந்தச் சாட்சிதான் வெப்பம் அளக்கும் சிறு கருவி. குளிர் தவறினால் உடனே செல்போனுக்குச் செய்தி அனுப்பும். குழந்தைகளுக்கான தடுப்பூசியைக் காக்க, 2015இல் தொடங்கிய 'ஈ-வின்' திட்டத்தில் மருந்துக் குளிர்பெட்டிகளில் இப்படிக் கருவி பொருத்தியிருக்கிறார்கள்.

சரி, அந்தக் கணக்கை யாராவது திருத்திவிட்டால்? அதற்குத்தான் 'பிளாக்செயின்' என்ற முறை. நீங்க ஊற்றும் பால் சங்கத்து நோட்டிலும் ஏறுது, உங்க அட்டையிலும் ஏறுது. ஒன்றைத் திருத்தினால் மற்றது காட்டிக்கொடுக்கும் இல்லையா? அதேபோல, மருந்து கை மாறும் ஒவ்வொரு பதிவும் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோல ஏறும். ஒவ்வொரு பதிவிலும் முந்தின பதிவின் முத்திரை இருக்கும். நடுவில் ஒன்றை மாற்றினால் அடுத்தது பொருந்தாது. அமெரிக்காவில் மருந்துகளைத் தடம் பார்க்க 2013இல் சட்டம் வந்தது. அதற்காக இந்த முறையையும் சோதித்துப் பார்த்தார்கள்.

ஆனால் ஒன்று. முதலில் எழுதுகிறவர் பொய் எழுதினால், அந்தப் பொய்தான் அழியாமல் நிற்கும். கருவி குளிரைச் சொல்லும். புட்டிக்குள் இருப்பது அசலா போலியா என்று சொல்லாது. ஆகவே கண் வைத்திருப்பது நம்ம பொறுப்பு.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. மருந்து ஐஸ் பெட்டியில் வந்ததா, ஐஸ் கரையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

2. புட்டியில் உள்ள பேட்ச் எண், காலாவதித் தேதி, மாட்டின் காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண், ஊசி போட்ட நாள் நான்கையும் நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் நோய் வந்தால் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்.

3. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து வாங்கினால் சட்டைப்பையில் போட்டு வராதீர்கள். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டு வாருங்கள். ரசீதும் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை கருவி வந்தாலும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நீங்கள்தான். அது அறுந்தால் முன்னால் காத்ததெல்லாம் வீண்.