மூன்று காகிதங்களும் ஒரு குடும்பமும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றியும் அலவன்ஸைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில், பாட்டன் பூட்டன் கதையைப் பேச வந்திருக்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். நம் பாட்டன் பெயரைக் கேட்டால் சொல்வோம். அவர் எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்று கேட்டால் தலையைச் சொறிவோம். அவருக்கு அப்பன் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பெரிய ஜமீன் குடும்பத்தார் இதைப் பெருமைக்காகத் தேடுவார்கள். நாமோ பேத்திக்கு ஐ.சி. வாங்குவதற்காகத் தேட வேண்டியிருக்கிறது.

நம் வட்டாரத்தில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். பெயர் சொல்லப்போவதில்லை. 2007இல் பிறந்தவள், படிப்பில் கெட்டிக்காரி. தகப்பனுக்கு நீல ஐ.சி. உண்டு. பிள்ளைக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஏன் என்று விசாரிக்கக் கிளையில் நாங்கள் சிலர் இறங்கினோம். நூலைப் பிடித்துக்கொண்டே போய், ஜப்பான்காரன் காலத்தில் பிறந்த ஒரு பாட்டியிடம் போய் நின்றோம். அந்த விசாரணையில் தெரிந்துகொண்டதைத்தான் உங்கள் முன் வைக்கிறோம்.

தகப்பன் பிரஜையாயிருந்தும் பிள்ளை எப்படி நாடற்றவளாகிறாள்? கோளாறு கல்யாணக் காகிதத்தில் இருக்கிறது. நம் பெற்றோர் காலத்தில் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது. 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்த திருமணச் சட்டமும், அந்தத் தேதிக்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணங்களைப் பதிவானவையாகவே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் நடந்தவற்றுக்குத் தாலி மட்டும் போதாது, பதிவும் வேண்டும். பதிவில்லாத தம்பதிக்குப் பிறந்த பிள்ளையைச் சட்டம் முறைப்படி பிறந்த பிள்ளையாகக் கொள்வதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பிரஜாவுரிமை பார்க்கும்போது, அரசியல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, தகப்பனை ஒதுக்கிவிட்டுத் தாயைத்தான் பார்க்கச் சொல்லுகிறது. தாய்க்குக் காகிதம் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. இந்தப் பிள்ளையின் தாய்க்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாததால் ஐ.சி. இல்லை. ஐ.சி. இல்லாததால் கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. ஒரு காகிதம் தவறியதால் மூன்று தலைமுறை தடுக்கி விழுந்தது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வாசலும் இருந்தது. மெர்டேக்கா நாள் முதல் 1962 செப்டம்பர் கடைசி வரை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பே பிரஜாவுரிமை கொடுத்தது. அதற்குப் பிறகு, பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. நிரந்தரவாசி என்றால் சிவப்பு ஐ.சி.க்காரர். இந்தப் பிள்ளையின் தாய் பிறந்தது 1979இல், ஒரு தோட்டத்து லயத்தில். அப்போது அவளைப் பெற்றவளிடம், அதாவது நம் பிள்ளையின் பாட்டியிடம், சிவப்பு ஐ.சி. இருந்தது என்று காட்டிவிட்டால் தாய் பிறப்பாலேயே பிரஜை. தாய் பிரஜையென்றால் மகளும் பிரஜை. ஆகவே தகப்பன் வழியை விட்டுவிட்டுப் பெண் வழியே போனோம். தாய், தாயின் தாய் என்று.

பாட்டி 1998இல் காலமாகிவிட்டார். ஐ.சி. கையில் இல்லை. ஆனால் மரணப் பத்திரம் இருந்தது; அதில் ஐ.சி. எண் இருந்தது. மரணப் பத்திரத்தைச் சேமநிதிப் பணம் வாங்கிய மறுநாளே பெட்டிக்கடியில் போட்டுவிடுகிறோம். இங்கே அந்த ஒரு தாள்தான் முதல் கதவைத் திறந்தது.

இரண்டாவது கதவு அவ்வளவு சுலபத்தில் திறக்கவில்லை. மரணப் பத்திரத்தில் பாட்டி ஒரு தகப்பனின் மகள். 1979இல் பிரசவம் பார்த்த தோட்டத்து டிரெசர் எழுதி வைத்த குறிப்பில் வேறொரு தகப்பனின் மகள். பிறந்த ஆண்டு ஒன்றில் 1943, மற்றொன்றில் 1944. பார்க்கிற அதிகாரி இரண்டு பேர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்?

இங்கேதான் சயாம் மரண ரயில் வருகிறது, தோழர்களே. 1942 முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளின் மயானத்திலே ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெயரும் பட்டாள எண்ணும் வயதும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம்மவருக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. மரணப் பத்திரமும் இல்லை. திரும்பி வந்தவர் வாய்ச்சொல்தான் சாவுச் செய்தி. இந்தப் பாட்டியின் தகப்பன் 1943 ஆடி மாதம் போனவர், திரும்பவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு நின்ற தாய், பிற்பாடு இன்னொருவரைக் கட்டிக்கொண்டார். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளைக்குக் கஞ்சி ஊற்ற வேண்டுமே! அடையாள அட்டைக்குப் பெயர் கொடுத்தபோது கூட்டிப்போனவர் வளர்த்த தகப்பன். அவர் பெயரே ஏறிவிட்டது. பெற்ற தகப்பன் பெயரைப் பாட்டி விடவில்லை. டிரெசர் கேட்டபோது அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆண்டுக் குழப்பத்துக்கு வருவோம். பாட்டிக்கு ஒரு ஜாதகக் குறிப்பு இருந்தது. சுபானு ஆண்டு, பங்குனி மாதம். சுபானு என்றால் 1943 என்று யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சுபானு பிறந்தது 1943 சித்திரையில்தான். ஆனால் அதன் கடைசி மாதமான பங்குனி வருவதற்குள் இங்கிலீஷ் வருடம் 1944 ஆகிவிட்டது. நம் பெரியவர்களில் எத்தனையோ பேருக்கு ஐ.சி.யில் ஒரு வயது கூடிப்போனதற்குத் தை, மாசி, பங்குனிதான் காரணம். தமிழ் ஆண்டு அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வருவது என்பதையும் நினைவில் வையுங்கள். 2003இல் பிறந்ததும் ஒரு சுபானுதான்.

பிறகு பிறப்புப் பத்திரமும் கிடைத்தது. அதைப் பார்த்த நம் இளைஞர் ஒருவர், இது போலிப் பத்திரம், 2604ஆம் ஆண்டு என்று போட்டிருக்கிறது என்றார். பாவம், அவர் என்ன செய்வார்! ஜப்பான்காரன் இங்கே தன் ஆண்டுக் கணக்கைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தான். அதில் 660ஐக் கழித்தால் நம் கணக்கு வரும். 2604 என்பது 1944. அவன் டோக்கியோ நேரத்தையும் கொண்டுவந்தான். கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளினான். அந்த மூன்றரை வருஷத்தில் பிறந்தவர்களுக்குக் கடிகாரத்தைப் பார்த்து லக்கினம் கணித்த ஜோசியர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. எத்தனை பொருத்தம் இந்த ஒன்றரை மணியால் தட்டிப்போனதோ!

2604ஆம் ஆண்டுப் பத்திரத்தில் பெற்ற தகப்பன் பெயர் இருந்தது. மரணப் பத்திரத்தில் வளர்த்த தகப்பன் பெயர். இரண்டும் ஒரே பெண்தான் என்று காட்ட நடுவே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் சர்க்கார் காகிதமே அல்ல, ஒரு மொய் நோட்டு. 1963இல் பாட்டிக்கு நடந்த கல்யாணத்தில் மொய் எழுதியவர், தமக்குத் தெரியாமலேயே சரித்திரம் எழுதியிருக்கிறார். முதல் பக்கத்தில் வளர்த்த தகப்பன் பெயரால் கல்யாண விவரம். இரண்டாவது பக்கத்தில், ‘பெண்ணின் சிற்றப்பா, சயாமுக்குப் போன தகப்பனாரின் தம்பி’ என்று ஒருவர் பெயரும் தோட்டமும் ஊரும், ஐந்து வெள்ளியும். 1963இல் ஐந்து வெள்ளி சாமானிய மொய் அல்ல. அண்ணன் மகள் அல்லவா! அந்தச் சிற்றப்பாவின் மகன் இன்றைக்கும் இருக்கிறார். சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு குடும்பத்தில் இவ்வளவு கிடைத்ததே, நம் எல்லாருக்கும் கிடைக்குமா என்று கேட்பீர்கள். மொரீஷியஸ் தீவுக்குப் போன நம்மவரின் பேரப்பிள்ளைகள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். ஒப்பந்தக் கூலியாகப் போனவருக்கு ஆளுக்கொரு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினார்கள். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் அந்த ஏடுகள் இருக்கின்றன. இங்கே ஒப்பந்த முறை 1910இல் நின்றது. நம் முன்னோரில் பெரும்பாலோர் கங்காணி பின்னால் வந்தவர்கள். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ டிப்போவில் தங்கி, 1926க்குப் பின் வந்தவர்களானால் பலர் ரஜூலா கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். கங்காணியின் ஆள் என்பதே அவர்களுக்கு விலாசம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த குடும்பங்களைப் பாருங்கள். சர்க்கார் உத்தியோகம், சர்வீஸ் புத்தகம், பென்ஷன் என்று பாட்டன் காலத்துத் தாள் ஏதாவது ஒன்று அகப்படும். தோட்டத்தான் செக்ரோலில் ஒரு வரி. மாதம் முடிந்தால் அதுவும் பழங்காகிதம்.

நம் சாவைக்கூடக் கணக்காகத்தான் எழுதினார்கள். 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் கிள்ளானுக்கு வந்து, சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவை அடக்கினார். நல்ல காரியம், அதை மறுப்பதற்கில்லை. 1911இல் அவர் எழுதிய புத்தகத்தில் தோட்டவாரியாகச் சாவு விகிதம் இருக்கிறது. யார் யார் செத்தார்கள் என்று தேடினால் கிடைக்காது.

ஆகையால் நாம் தேட வேண்டிய இடங்கள் வேறு. ஊர்ப் பெயர் வேண்டுமானால் பழைய மணியார்டர் ரசீதைப் பாருங்கள். கிராமம், தபாலாபீஸ், தாலுகா மூன்றும் இருக்கும். தோட்டத்துப் பிறப்புகள் பல இடங்களில் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில்தான் பதிவாயின. ஆகவே பத்திரத்தில் தெரியாத ஊர்ப் பெயர் கண்டு மிரள வேண்டாம். கத்தோலிக்கக் குடும்பமானால் ஞானஸ்நான ஏடு உண்டு. கிள்ளான் லூர்து மாதா கோவில் 1928இல் கட்டியது, அங்கே போய்ப் பணிவாகக் கேளுங்கள். தோட்டத்துப் பெயரே வரைபடத்தில் இல்லாமல் போயிருந்தால் தமிழ்ப்பள்ளியின் பெயரைப் பாருங்கள். சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆகிவிட்டது, எஃபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆகிவிட்டது. பள்ளிக்கூடங்கள் மட்டும் பழைய பெயரை விடாமல் வைத்திருக்கின்றன. மாணவர் சேர்க்கைப் பதிவேடு பழையது இருந்தால் தகப்பன் பெயரும் பிறந்த தேதியும் அதில் அகப்படலாம். தமிழ் நேசன் 1924 முதல் 2019 வரை வந்த பத்திரிகை. அதன் மரண அறிவித்தல்களில் மகன், மருமகன், பேரன் என்று ஒரு வம்சமே அச்சாகியிருக்கும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது ‘எந்த வருஷம் பிறந்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள். தெரியாது என்பார்கள். ‘ஸ்டிரைக்குக்கு முன்னாலா பின்னாலா, தாத்தா?’ என்று கேளுங்கள். கிள்ளான் பக்கத்தில் ஸ்டிரைக் என்றால் 1941. ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்களே, பட்டாளம் வந்து சுட்டதே, அந்த ஸ்டிரைக். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. அம்மாவுக்கு அப்போது நான் மடியில் பிள்ளை என்று ஒருவர் சொன்னால் வருஷம் வந்துவிட்டது. மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம், அவசர காலத்தில் முள்வேலி போட்ட காலம், தோட்டத் துண்டாடல் நடந்த காலம், 1969இல் வேலைப் பர்மிட் கேட்டு எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறிய காலம் என்று எல்லாவற்றுக்கும் ஆண்டு உண்டு.

ஒரு விஷயம். அந்தக் காலத்துக் கிராணிமார் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினார்கள். முனியாண்டி என்ற பெயருக்குக் கடைசியில் அண்ணனுக்கு ‘ஐ’, தம்பிக்கு ‘ஒய்’. இந்த ஓர் எழுத்தால் அண்ணன் தம்பி இல்லையென்று ஆன குடும்பங்கள் உண்டு. தேடும்போது எல்லா விதமாகவும் எழுதிப் பார்த்துத் தேடுங்கள். இன்று பிள்ளைக்குப் பெயர் பதிகிறவர்கள் அப்பன் ஐ.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கல்யாணமாகி இன்னும் பதியாதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், வந்து சொல்லுங்கள், எப்படிப் பதிவது என்று பார்ப்போம்.

அந்தப் பெண் பிள்ளையின் தாய்க்குக் காலந்தாழ்த்திய பிறப்புப் பதிவு கேட்டு மனு போயிருக்கிறது. பாட்டியின் மூன்று காகிதங்களும், டிரெசர் குறிப்பும், சத்தியப் பிரமாணமும் அதோடு போயிருக்கின்றன. பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் தாயின் கல்யாணப் பதிவு, அதன்பின் மகளின் மனு. அவள் அடுத்த பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

வருகிற சம்பள ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் கிளை அலுவலகத்தில் நாங்கள் இருப்போம். பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம், பழைய ஐ.சி. நகல், கல்யாணப் பத்திரிகை, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். மொய் நோட்டு இருந்தால் கறையான் அரித்திருந்தாலும் சரி, அப்படியே ஒரு துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். வீட்டில் எண்பது வயதுக்கு மேற்பட்ட பெரியவர் இருந்தால் அவரை அலைக்கழிக்க வேண்டாம். லயமோ அடுக்கு வீடோ, இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள், நாங்கள் வந்து உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.