வள்ளல் ஜமால் முஹம்மது: வணிகப் பெருமக்களுக்கு ஒரு முன்மாதிரி

(மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

சமுதாயத்திற்கு உழைத்த ஒரு வணிகரைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். சென்னையில் தோல் வணிகம் செய்த வள்ளல் மர்ஹூம் ஜமால் முஹம்மது சாகிப் அவர்களே உடனே நினைவுக்கு வருகிறார்கள்.

1931-ல் லண்டனில் கூடிய இரண்டாவது வட்டமேஜை மாநாட்டில், காந்தியடிகளும் பிர்லாவும் அமர்ந்த அவையில், பிரதிநிதியாக அமர்ந்தவர் அவர். அத்தனை பெரிய வணிகர்! ஆனால் அந்தப் பெருமைக்காகவா இன்று அவரைப் பேசுகிறோம்? இல்லை. ஈட்டிய செல்வத்தை எதில் போட்டார் என்பதற்காகப் பேசுகிறோம்.

அவருடைய பொருளுதவியால் சென்னையில் இஸ்லாமியச் சொற்பொழிவுகள் நடந்தன. 1925-ல் மௌலானா சையித் சுலைமான் நத்வி வந்து நபிகள் நாயகத்தின் வாழ்வு பற்றி எட்டு உரைகள் நிகழ்த்தினார். 1927-ல் மர்மடியூக் பிக்தால் வந்தார். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார். அந்த உரைகள் காற்றோடு போய்விடவில்லை. நூல்களாகி இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. பெரம்பூரில் ஜமாலிய்யா மதரஸாவை வளர்த்த அதே குடும்பத்தின் பெயரைத் தாங்கி, 1951 முதல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி நிற்கிறது. அதற்கு அவரோடு தோள் கொடுத்த இன்னொரு வள்ளல் காஜாமியான் ராவுத்தர். எல்லாச் சமயப் பிள்ளைகளும் அங்கே படித்துப் பட்டம் பெறுகிறார்கள்.

சகோதரர்களே! தோல் மண்டியில் சேர்ந்த பணம் கல்லூரியாக மாறிய வரலாறு நம்முடையது. 1919-ல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி எழுந்ததும் அப்படித்தான். இன்று நம் நிலை என்ன?

2007-ல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவிகித இடஒதுக்கீடு கிடைத்தது. இடம் கிடைத்துவிட்டது, கட்டணம் கட்டுவது யார்? விடுதிச் செலவுக்கு வழி என்ன? நாம் ஜகாத் கணக்குப் பார்ப்பது ரமலானில். ரமலான் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே இருக்கும். கல்லூரிக் கட்டணமோ ஜூன், ஜூலையில் வந்து நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்துவிடுகிறான் ஏழை மாணவன். முதலாண்டுக்கு உதவி கேட்டு வந்தவன் இரண்டாமாண்டில் எங்கே போனான் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? பெண் பிள்ளையாக இருந்தால் படிப்பு நின்றதே வெளியில் தெரிவதில்லை.

எனவே வணிகப் பெருமக்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காசோலை கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கடை, ஒரு மாணவர் என்று பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். சேர்க்கை நாள் முதல் பட்டம் பெறும் நாள் வரை அந்தப் பிள்ளை உங்கள் பிள்ளை. ஒரு திருமண விருந்தில் ஒரு வகையைக் குறைத்தாலே ஓராண்டுக் கட்டணத்தில் பாதி கிடைத்துவிடும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இது பிச்சையன்று, அமானிதம். நாளை நீங்கள் சம்பாதிக்கும்போது இன்னொரு மாணவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.

அந்த வள்ளலின் மறுமை வாழ்வை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! நம் செல்வத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.