கல்லாவில் ஆள் இல்லை

வருஷா வருஷம் அக்டோபர் 2, காந்தி ஜெயந்திக்கு, தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பஸ் ஸ்டாண்டுல ரோட்டரி சங்கத்துக்காரங்க ஆளில்லா கடை போடுறாங்க. பொருள் மேல விலை இருக்கும். எடுத்துக்கிட்டு, டப்பாவுல காசைப் போட வேண்டியது நம்ம பொறுப்பு.

அது ஒருநாள் கடை. மிசோரம் மாநிலத்துல, செலிங் பக்கம் நெடுஞ்சாலையோரம், இதுவே அன்றாடப் பிழைப்பு. சின்ன மூங்கில் குடிசை. கீரைக்கட்டு, மிளகாய், பழம், பாட்டில்ல பழச்சாறு. அட்டையில கரியால எழுதின விலை. ஓரமா ஒரு டப்பா. சில்லறையையும் நாமளே எடுத்துக்கலாம். கடைக்காரர் எங்கே? மலைக்காட்டுல விவசாய வேலையில இருப்பார். கடையில உட்கார்ந்தா காட்டு வேலை கெடும். ஆள் வச்சா கட்டுப்படியாகாது. அதனால வழிப்போக்கரை நம்புறார். அந்த நம்பிக்கையிலதான் அங்கே அடுப்பு எரியுது.

யாரும் பார்க்காதப்போ ஜனங்க காசு போடுவாங்களா? இதைப் பத்தி இங்கிலாந்துல நியூகாசில் பல்கலைக்கழகத்துல நடந்த ஒரு சோதனை, 2006-ல வெளியாச்சு. நாமளே காசு போடுற டீ, காபி மேசைக்கு மேல ஒரு வாரம் பூப்படம், மறுவாரம் கண் படம். கண் இருந்த வாரங்கள்ல கிட்டத்தட்ட மூணு மடங்கு காசு! பின்னாடி வந்த சில ஆய்வுகள்ல அவ்வளவு வித்தியாசம் வரலைங்க.

என்னைக் கேட்டா, கண் படத்தைவிட, விளைவிச்சவர் யாருன்னு தெரியுறதுதான் பெரிசு. நம்ம தாமல் பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் யாராவது கத்திரிக்காய்க் கூடை வச்சுப் பார்க்கட்டும். பேரும் ஊரும் எழுதி வைங்க. சில்லறைக்குத் தனிக் கிண்ணம், நோட்டுக்குப் பூட்டின உண்டியல். ஜனங்க காசு போடுவாங்க, நான் நம்புறேன்.