தொடுகோடும் ஒத்தபக்க முக்கோணமும்

 

பத்தாம் வகுப்பினரை மருட்டும் வடிவியற் கணக்கொன்று உண்டு. வட்டமொன்றின் மையம் க. வட்டத்திற்கு வெளியே ச என்னும் புள்ளி. கச என்னும் தொலைவு ஆரையின் இருமடங்கு. ச-விலிருந்து வரையும் இரு தொடுகோடுகள் வட்டத்தைத் த, ப என்னும் இடங்களில் தொடுகின்றன. சதப என்பது மூன்று பக்கமும் ஒத்த முக்கோணம் என நிறுவுதல் வேண்டும்.

முக்கோண அளவைப் பட்டியலைப் புரட்டி, அரை என்னும் மதிப்புக்கு 30 பாகை எனக் கண்டெழுதி முடிப்பார் பலர். விடை பிழையன்று, ஆனால் ஏன் 30 என்று கேட்டால் வாய் திறவார். பட்டியல் அறியும், அவர் அறியார்!

படத்தை உற்று நோக்குக. கச என்னும் கோடு வட்டத்தை வெட்டுமிடம் ம. கம ஓர் ஆரை; எனவே எஞ்சிய மச என்பதும் ஓர் ஆரையளவே. ஆக, ம என்பது கச-வின் நடுப்புள்ளி. தொடுமிடத்தில் ஆரையும் தொடுகோடும் செங்கோணத்தில் நிற்கும்; ஆதலின் கதச ஒரு செங்கோண முக்கோணம், கச அதன் செம்பக்கம்.

தமிழகப் பாடநூல்களில் 'கர்ணம்' என நெட்டுருப் பண்ணப்படுவதே ஈழத்துப் பாடநூல்களில் செம்பக்கம். செங்கோணத்தை நோக்கிய பக்கம் எனச் சொல்லே காட்டிவிடுகிறது. ஆரம் என்பதும் அங்கே ஆரைதான்.

செம்பக்கத்தின் நடுப்புள்ளி மூன்று முனைகளுக்கும் ஒரே தொலைவில் நிற்கும். எனவே மத என்பதும் ஓர் ஆரையே. கத, கம, மத மூன்றும் ஆரையளவு; கதம ஒத்தபக்க முக்கோணம். சிறிய முக்கோணம் ஒன்று உள்ளே ஒளிந்திருந்தது! அதனால் க-வில் 60 பாகை. ச-வில் எஞ்சுவது 30. மறுபுறமும் அவ்வாறே 30. கூட்ட 60. சத, சப என்னும் தொடுகோடுகள் நீளம் ஒத்தவை. ஆகவே ஏனைய இரு கோணங்களும் 60. ஆரை 5 செ.மீ. எனின், பக்கம் ஏறத்தாழ 8.66 செ.மீ.

இன்னுமொன்று. கவராயத்தின் விரிவை மாற்றாமல் ம-வை மையமாக்கி வட்டம் வரைக. அது க, த, ச, ப நான்கின் வழியாகவும் செல்லும். ஒன்றன் மையத்தின்வழி மற்றொன்று செல்லும் இவ்விரு வட்டங்களே யூக்ளிடு தம் பதின்மூன்று பகுதி நூலின் முதற் கணக்கில், ஒத்தபக்க முக்கோணம் அமைக்க வரைந்தவை.