எண்ணும் அளவும்
(பிராணவாயுக் கருவி வாங்குவார்க்குச் சில சொற்கள்: நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் தமிழ் கற்றவன், வைத்தியம் கற்றவனல்லன். இலக்கணம் பேசவேண்டியவன் யந்திரம் பேச எழுந்தது ஏனென்று உங்களிற் சிலர் ஐயுறலாம். என் தமையனார் மூன்றாண்டுகளாகப் பிராணவாயுவின் துணைகொண்டே வாழ்ந்து வருகிறார். அவருக்குக் கருவி தேடிய காலத்து யாங்கள் ஒரு பெரும்பிழை செய்தோம். அப்பிழையை ஆராய்ந்து பார்க்கின் அஃது இலக்கணப் பிழையாகவே முடிந்தது. எங்கட்கு நேர்ந்தது பிறர்க்கு நேராதிருத்தல் வேண்டும் என்னும் கருத்தினாலேயே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

‘உயிர்த்தல்’ என்னும் சொல்லுக்கு மூச்சுவிடுதல் என்பது பொருள். உயிருக்கும் மூச்சுக்கும் ஒரே பகுதியை அமைத்த நம் முன்னோர் இரண்டையும் பிரித்தெண்ணவில்லை. நாம் உள்வாங்கும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கே பிராணவாயு. 78 பங்கு நைட்ரஜன். நல்ல நுரையீரலுக்கு அந்த 21 பங்கு போதும். நோயால் தழும்பேறியும் சுருங்கியும் போன நுரையீரலுக்கு அது போதாது. அந்நிலையில் மிகுதிப் பிராணவாயு ஆடம்பரமன்று; மருந்தேயாம். நாட்பட்ட மூச்சடைப்பு நோயால் இரத்தத்திற் பிராணவாயு மிகக் குறைந்தவர்கள், நாளொன்றுக்கு 15 மணி நேரமாவது அதனைப் பெற்றால் ஆயுள் நீடிக்கும் என்பதனை 1980-இல் அமெரிக்காவிலும் 1981-இல் பிரிட்டனிலும் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகள் நிறுவியுள்ளன.

இனி எங்கள் கதையைக் கூறுகின்றேன். என் தமையனாருக்கு நுரையீரல் தழும்பேறும் நோய். அமர்ந்திருக்கும்போது நிமிஷத்திற்கு 2 லிட்டர் பிராணவாயு போதும். நடக்கும்போது 6 லிட்டர் வேண்டும் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். வீட்டிற்கு ஒரு யந்திரம் வாங்கினோம். பேத்தியின் திருமணம் நெருங்கியது. வெளியிற் செல்லத் தோளில் மாட்டும் சிறு யந்திரம் ஒன்றனைக் கடைக்காரர் காட்டினார். எடை இரண்டரைக் கிலோவுக்கு மேலில்லை. அதன் முகப்பில் 1 முதல் 5 வரை எண்கள் இருந்தன. “ஆறு வேண்டுவார்க்கு ஐந்து இருக்கிறது, சிறிது தூரத்திற்கு இது போதும்” என்றார் அவர். அண்ணியார் தம் கைவளைகளைக் கழற்றிக் கொடுத்து அதனை வாங்குவித்தார்.

திருமண மண்டபத்திற்குப் பன்னிரண்டு படிகள். ஏழாம் படியில் தமையனார் நின்றுவிட்டார். உதடு கறுத்தது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 79 காட்டியது. படியிலேயே அமர்ந்து, “தம்பி, ஐந்தில்தான் வைத்திருக்கிறேன், ஆனால் ஐந்து வரவில்லையப்பா” என்றார். தாலி கட்டியதை அவர் பார்க்கவில்லை. நாதசுர ஒலியைப் படியிலிருந்தே கேட்டார்.

அன்பர்களே! ஐந்து ஏன் வரவில்லை? அளவைப் பெயர்களை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகைப்படுத்துகின்றது நம் இலக்கணம். ‘ஐந்து’ என்பது எண்ணல். ‘ஐந்து படி’ என்பது முகத்தல். ‘ஐந்து ஆழாக்கு’ என்பதும் முகத்தலே. ஆனால் எட்டு ஆழாக்குக் கூடினாற்றான் ஒரு படி. வெறும் ஐந்தைக் கேட்டுவிட்டு ஐந்து படி என்று யாங்கள் கொண்டோம். கிடைத்தது ஆழாக்குக் கணக்கு. இதுவே எங்கள் இலக்கணப் பிழை.

அச்சிறு யந்திரம் பிராணவாயுவை இடைவிடாது ஒழுக விடுவதன்று. நாம் மூச்சை உள்ளிழுக்கும் தொடக்கத்தினை உணர்ந்து ஒரு சிறு வீச்சு விட்டு நின்றுவிடுவது. அதன் முகப்பெண் லிட்டரைக் குறிப்பதன்று. வீச்சின் படிநிலையையே குறிப்பது. இத்தகைய யந்திரங்களிற் பல, தம் உச்ச நிலையிலும் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 1 லிட்டரே உண்டாக்குவன. சில யந்திரங்களில் அந்த ஒரு லிட்டரே எத்தனை மூச்சோ அத்தனை கூறாகப் பங்கிடப்படும். நிமிஷத்திற்கு 20 மூச்சு விடுவோனுக்கு மூச்சொன்றுக்கு 50 மில்லி லிட்டர். இரைத்து 30 மூச்சு விடுவோனுக்கு 33 மில்லி லிட்டரே. எப்பொழுது மிகுதியும் வேண்டுமோ அப்பொழுதே மூச்சுக்குக் கிடைப்பது குறைகின்றது.

இதனால் அவ்யந்திரம் பயனற்றதென்று கொள்ளற்க. மூச்சின் தொடக்கத்திலேயே கொடுப்பதனால், அதன் ஒரு லிட்டர், ஒழுகிவரும் ஒரு லிட்டரினும் மிகுதியாகப் பயன்படும். குறைந்த அளவு வேண்டுவார் பலர்க்கு அஃது உற்ற துணை. மிகுந்த அளவு வேண்டுவார்க்கோ அதனை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தாலன்றி ஒன்றும் துணியலாகாது. உறக்கத்தில் மூச்சு மெல்லியதாகி வாய்வழியே செல்லின் யந்திரம் அதனை உணராமற் போதலும் உண்டு. ஆதலின் வைத்தியர் சோதித்துச் சொல்லாமல் இரவில் அதனை நம்புதல் தகாது.

கருவி கொள்ள விரும்புவார் முதலில் அறியவேண்டியது தம் தேவையே. அமர்ந்திருக்கையில் எவ்வளவு, நடக்கையில் எவ்வளவு, உறங்குகையில் எவ்வளவு என மூன்று அளவுகளையும் வைத்தியரிடம் எழுதி வாங்குக. ஆறு நிமிஷ நடைச் சோதனை செய்வித்துக் கொள்க. வாங்கக் கருதிய கருவியையே மாட்டிக்கொண்டு நடந்து, விரல் அளவினைப் பார்த்தல் அதனினும் நன்று. விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்திற் சாயமோ மருதாணியோ இருந்தாலும் ஆக்ஸிமீட்டர் பிழைபடக் கூடும். கருநிறத் தோலில் அது சில வேளை உண்மையினும் உயர்த்திக் காட்டும் என்பதும் அறியத்தக்கது.

அடுத்து வீட்டு யந்திரம். கான்சன்ட்ரேட்டர் எனப்படும் இஃது அறைக் காற்றை அழுத்தி, ஜியோலைட் என்னும் மணிகளினூடே செலுத்தி, நைட்ரஜனை அவற்றிற் பற்றவைத்துப் பிராணவாயுவைப் பிரித்துத் தருவது. நல்ல யந்திரத்தில் நூற்றுக்கு 90 முதல் 96 பங்கு தூய்மை இருக்கும். 82-க்குக் குறையலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் விதித்த வரம்பு. ஈண்டுக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: “எத்தனை லிட்டரில் இத்தூய்மை?” 2021-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது ‘1 முதல் 7 லிட்டர்’ என்று எழுதிய மலிவான பெட்டிகள் பல விற்பனைக்கு வந்தன. அவற்றுட் சில 1 லிட்டரில் 90 பங்கும், 7 லிட்டரில் 30 பங்கும் தருவன. வெறுங்காற்றே 21 பங்கு என்பதனை நினைவிற் கொண்டால், அந்த ஏழு லிட்டரின் மதிப்பு விளங்கும்.

5 லிட்டர் யந்திரம் ஏறக்குறைய 15 கிலோ எடையுடையது. 350 வாட் மின்சாரம் கொள்வது. நாள் முழுதும் ஓடினால் 8.4 யூனிட் செலவாகும். 10 லிட்டர் யந்திரம் 25 கிலோ வரை இருக்கும், 600 வாட் கொள்ளும், நாளொன்றுக்கு 14.4 யூனிட். நடக்க 5 லிட்டர் வேண்டுவோர் 5 லிட்டர் யந்திரத்தை வாங்கின், அஃது என்றும் தன் எல்லையிலேயே உழைக்கும். நோய் சிறிது வளரினும் அது போதாததாகும். அத்தகையோர்க்குப் பத்து லிட்டரே தக்கது. இரண்டு 5 லிட்டர் யந்திரங்களைக் கவைக்குழாயால் இணைத்துக் கொள்வாரும் உளர். ஒன்று பழுதுறினும் மற்றொன்று நிற்கும் என்பது அதன் நன்மை. ஆயினும் வைத்தியரும் விற்போரும் ஒப்பியபின்னரே அதனைச் செய்க. குழாயின் நீளம் 15 மீட்டருக்கு மேற்படலாகாது. மிக்க அளவில் மூக்கு உலராதிருக்க ஈரமூட்டும் புட்டி வேண்டும். அதிற் காய்ச்சி ஆறிய நீரை நாள்தோறும் மாற்றுக. யந்திரத்தைச் சுவரோடு ஒட்டி வையாமலும், தூசு வடிகட்டியை வாரந்தோறும் கழுவியும் பேணுக.

வெளியிற் செல்வதற்கு வருவோம். இடைவிடாது ஒழுகவிடும் தூக்குயந்திரங்களும் உள. ஆயினும் அவற்றின் உச்சம் பெரும்பாலும் 3 லிட்டர்; எடையோ 8 கிலோ வரை உண்டு. அதற்குமேல் வேண்டுவார்க்கு உருளையே வழி. அதன் கணக்கு எளிது. உருளையின் நீர்க்கொள்ளளவை அழுத்தத்தாற் பெருக்குக, வருவது லிட்டர். 10 லிட்டர் உருளையை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1,500 லிட்டர். நிமிஷத்திற்கு 6 லிட்டராக அது 250 நிமிஷம் வரும். 3 லிட்டர் உருளையில் 450 லிட்டர். அது 75 நிமிஷம். அதிற் கால் பங்கினைத் திரும்பி வருவதற்கென ஒதுக்கி வைத்தல் அறிவுடைமை. பிராணவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கினால் ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 860 லிட்டர் வாயுவாக விரியும். நடக்கையில் 3 லிட்டருக்கு மேல் வேண்டி வெளியே நடமாடுவோர்க்கு அத்திரவமே ஏற்றதென்று அமெரிக்கத் தொராசிக் சங்கம் 2020-இற் கருத்துரைத்தது. நம் ஊர்களில் வீட்டிற்கு அஃது எளிதிற் கிடைப்பதன்று. ஆதலின் உருளைக்கணக்கை நன்கு கற்றல் வேண்டும்.

மற்றொரு சொன்மயக்கமும் உண்டு. வைத்தியசாலையில் ‘ஹை ஃப்ளோ’ என்பர். அது நிமிஷத்திற்கு 60 லிட்டர் வரையும் சூடேற்றி ஈரமூட்டிய காற்றையும் பிராணவாயுவையும் கலந்து மூக்கிற் செலுத்தும் தனிக்கருவி. எட்டு அல்லது பத்து லிட்டர் வேண்டுவோர் அப்பெயரைக் கேட்டு அதனை விலைக்குத் தேட வேண்டுவதில்லை. ஒரு சொல் இருபொருள் தரும்போது இடமறிந்து பொருள் கொள்ளல் நம் மரபன்றோ?

மின்சாரம் நிற்கும்பொழுது கான்சன்ட்ரேட்டரும் நிற்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணிப் பேட்டரி 350 வாட் யந்திரத்தை மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. ஆதலின் நிரப்பிய பெரிய உருளை ஒன்று வீட்டில் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். அதன் சாவி கைக்கு எட்டும் இடத்தில் இருத்தலும் வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பிராணவாயு தானே எரியாது. எரிவதனைப் பன்மடங்கு வளர்க்கும். குழாய் மாட்டியிருப்பவர் அடுப்பு, விளக்கு, கர்ப்பூரம், ஊதுவத்தி ஆகியவற்றுக்குப் பத்தடிக்குள் வரலாகாது. அவ்வறையிற் பீடியோ சுருட்டோ எவரும் பற்றவைக்கலாகாது. மூக்கிற் புண்பட்டால் எண்ணெயும் வாசலினும் தடவற்க. எண்ணெய்க் கையால் உருளையின் திருகைத் தொடற்க. மேலும், மிகுதியே நன்மை என்று கருதி அளவினை நீங்களே உயர்த்தற்க. நாட்பட்ட மூச்சடைப்பு நோயர் சிலர்க்கு மிக்க பிராணவாயு கரியமிலவாயுவை உடலிற் பெருக்கி மயக்கத்தை விளைக்கும். அவர்க்கு விரல் அளவு 88 முதல் 92 வரை நிற்றலே போதுமென்பது வைத்தியர் கொள்கை.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். 2021-இல் அச்சத்தால் வாங்கிய கான்சன்ட்ரேட்டர்கள் நம்மவர் வீடுகள் பலவற்றுட் பரண்மேல் உறங்குகின்றன. ஓடாத யந்திரத்தின் மணிகள் ஈரம் பற்றிக் கெட்டுப்போம். அவற்றையெல்லாம் ஓரிடத்திற் சேர்த்து, தூய்மை அளக்கும் கருவி ஒன்றனை வாங்கி, 5 லிட்டரில் 82-க்கு மேல் தருவனவற்றை மட்டும் தெரிந்து, வேண்டுவார்க்கு இரவலாகக் கொடுத்தல் நம்மால் இயலாததன்று. பரிசோதியாது கொடுப்பது மட்டும் ஆகாது. அது கெட்ட மருந்தைத் தானம் செய்தல் போலாம். வாங்குமுன் நடந்து பார்க்கவென ஒரு சிறு யந்திரமும், ஒரு சிறு உருளையும் இருப்பின், எவர் வீட்டு வளையலும் வீணாகாது.

என் தமையனார் இப்பொழுது வீட்டில் 10 லிட்டர் யந்திரமும், வெளியிற் செல்ல 3 லிட்டர் உருளையைச் சிறு சக்கரவண்டியிலும் வைத்திருக்கிறார். எழுபத்தைந்து நிமிஷம் அவருடையது. வெள்ளிதோறும் கோயில் வாயில்வரை சென்று, விளக்குக்கு எட்ட நின்று வணங்கி, திண்ணையில் இருவரோடு பேசி, கால் பங்கு மிச்சத்தோடு வீடு திரும்புகிறார். அவர் கணக்கில் எண்ணும் உண்டு, அளவும் உண்டு. கடைக்குச் செல்லும் நீங்களும் ‘எத்தனை?’ என்று கேட்டதோடு நில்லாது, ‘எத்தனை என்ன?’ என்றும் கேட்பீர்களாக.